அச்சத்துக்கு ஒரு விகுதி

அக்கா மகன் கிளிங்கன் படிக்கத் தொடங்கியிருக்கிறான். 'ஸ்டார் ட்ரெக்' படங்களில் வரும் போர்வீர இனத்துக்காக மொழியியலாளர் மார்க் ஓக்ரண்ட் உருவாக்கிய மொழி அது. "நான் மாணவன்" என்று எழுதச் சொன்னேன். "ஜிஹ் தாஹ் கோஜ்வி" என்று எழுதி நீட்டினான். ஜிஹ் என்றால் நான், கோஜ்வி, மாணவன். நடுவில் தாஹ் எதற்கு?

"இங்கிலீஷில் 'ஐ ஆம்' வருமே மாமா?"

கிளிங்கனில் அந்த வினை கிடையாது. 'கோஜ்வி ஜிஹ்', மாணவன் நான், அவ்வளவுதான். தமிழிலும் பெயரே பயனிலையாக நின்று வாக்கியத்தை முடித்துவிடுகிறது. வீட்டில் பேசும் மொழியில் தேவைப்படாத சொல்லை, ஆங்கிலம் வழியாக வந்ததால் அங்கே போய்த் தேடியிருக்கிறான்.

தாஹ் பிறந்த கதையையும் சொன்னேன். 1991இல் வந்த ஆறாவது படத்தில், 'இருப்பதா, இல்லாதிருப்பதா' என்ற ஹாம்லெட்டின் கேள்வியைக் கிளிங்கனில் சொல்ல வேண்டியிருந்தது. 'இரு' என்ற வினையை வேண்டுமென்றே விட்டிருந்த ஓக்ரண்ட், முதலில் 'வாழ்' என்ற சொல்லை வைத்துப் பார்த்தார். பேச வேண்டிய நடிகர் கிறிஸ்டோபர் பிளம்மருக்கு அதன் ஓசை பிடிக்கவில்லை. செயல் தொடர்வதைக் காட்டும் விகுதி ஒன்று ஏற்கெனவே இருந்தது. அதையே வினையாக்கிக் கொடுத்தார். எனவே தாஹ் என்றால் நீடிப்பது, தொடர்வது. இருப்பதைத் தனியே சொல்ல வேண்டாம், நீடிப்பதைத்தான் சொல்ல வேண்டும் என்பது எனக்குப் பெரிய தத்துவமாகவே படுகிறது.

தாஹை அடித்தேன். எந்த உரிமையில்? இது யாருக்கும் தாய்மொழி அல்ல. 1985இல் வந்த அகராதியில் ஓக்ரண்டே, மால்ட்ஸ் என்ற கிளிங்கன் கைதியிடம் கேட்டு எழுதியதாகத்தான் சொல்கிறார். ஆனாலும் பிழை பிழைதான். அந்த நூலை நம்பிப் படிக்கும் இன்னொருவருக்கு அவன் வாக்கியம் புரிய வேண்டும். என் உரிமை அதோடு சரி.

அடுத்த வரியில்தான் தடுமாறினேன். "ஜிஜாத்ல்விப்" என்று எழுதியிருந்தான். 'ஜி' தன்மை ஒருமை முன்னொட்டு, 'ஜாத்ல்' பேசு, 'விப்' அச்சத்தைக் காட்டும் விகுதி. பேச பயமாயிருக்கிறது எனக்கு. இலக்கணப்படி ஒரு குறையும் இல்லை. ஆனால் 'விப்'பை நான், நாங்கள் என்பவற்றோடு சேர்ப்பது கிளிங்கன்களிடையே விலக்கு என்று அகராதி சொல்கிறது. பயப்படுகிறேன் என்று தன் வாயால் எந்த வீரனும் சொல்ல மாட்டான்.

ஒரு மொழியைக் கற்பவன் அதைப் பேசுவோரின் அறத்தையும் ஏற்க வேண்டுமா? வேண்டியதில்லை என்பேன். வழக்கம் என்ன என்று சொல்லித்தருவது என் கடமை; சொன்னேன். உள்ளதைச் சொன்னவனிடம் அதை மாற்றி எழுது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நோட்டில் அந்த வரி அப்படியே இருக்கிறது.