நோயுற்ற பெற்றோரும் மக்கள் கடனும்

பெற்றோரைப் பேணுதல் மக்கட்குரிய அறமென்பது யாவர்க்கும் உடன்பாடு. ஆயின் அவ்வறத்தின் அளவு யாது என்னும் வினா, தந்தையோ தாயோ முற்றிய புற்றுநோயாற் படுக்கையில் வீழ்ந்த காலத்தே புதிதாய் எழுகின்றது. மகன் பொருளீட்டச் செல்லாவிடின் மருந்தில்லை. சென்றாற் படுக்கையருகே ஆளில்லை. சிறு குழந்தைகளோ உணவும் பாடமும் வேண்டி நிற்பர். மூன்று கடன்கள் ஒரே நாழிகையில் ஒருவனையே அழைப்பின் எதற்குச் செவிசாய்த்தல் அறம்? இதுவே ஈண்டு ஆராயற்பாலது.

முதற்கண் ஒரு தடையை நீக்குதல் வேண்டும். நோய் பிராரத்த வினையின் பயன். அஃது அவரவர் நுகர்ந்தே கழித்தற்குரியது. பிறர் முயற்சியால் ஆவதென்னை என்பாருமுளர். அது பொருந்தாது. பிராரத்தம் என்னுஞ் சொல் நோயாளர் தம்மைத் தேற்றிக்கொள்ளுதற்கு உரியதேயன்றி, அருகிருப்பார் தங் கையை மடக்கிக்கொள்ளுதற்கு உரியதன்று. பிறரது நுகர்வினையைக் காரணங்காட்டித் தன் கடனை விடுவானுக்கு, அவ்விடுகையே ஆகாமியமாய் ஏறும். திலகவதியார், தம்பியாரை வருத்திய சூலை இறைவன் செயலென்பதை உணர்ந்திருந்தும், அவரை வாளா விடுத்தாரல்லர். திருநீறளித்துத் திருவதிகைத் திருக்கோயிலுக்கு உடன் அழைத்துச் சென்றார். காரணம் அறிதல் வேறு, கைகொடுத்தல் வேறென்பது இதனாற் பெறப்படும்.

இனி, அலுவலும் பணிவிடையும் தம்முள் முரணுமோ என்பதைக் காண்போம். திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் நோயாளன், மருத்துவன், மருந்து, அருகிருந்து உதவுவோன் என நான்கு உறுப்புக்களைக் கூறினார். மருந்துக்குப் பொருள் தேடுவானும் இந்நான்கனுள் ஒன்றைத் தாங்குவானே. ஆதலின் அலுவல் தன்னளவிற் குற்றமன்று. ஆயின் ஒருவன் தன் நெஞ்சையே வினவுதல் வேண்டும். இன்றியமையாமையாற் செல்கின்றானா, தந்தையின் வேதனையைக் காணப் பொறாது அலுவலகத்திற் புகலிடம் தேடுகின்றானா? செல்லுஞ் செலவு ஒன்றே. முன்னது கடன், பின்னது கரவு.

மற்றொரு குற்றமும் இவ்விடத்து நிகழ்வதுண்டு. தந்தையைப் பேணினான் என்னும் புகழ் மகனுக்குச் சேர, இரவெல்லாம் விழித்திருந்து துணி மாற்றும் உழைப்பு மருமகளுக்கே ஆகின்றது. தொலைவிலுள்ள உடன்பிறந்தார் பணம் விடுத்தலோடு தங் கடன் முடிந்ததெனக் கருதுகின்றனர். ஒருவர் பெயரால் நடக்கும் அறத்தைப் பிறிதொருவர் உடல் சுமப்பின், அது நிறைந்த அறமாகாது. யார் எந்நாளில், எப்பொழுதில் அருகிருப்பதென வெளிப்படப் பேசிப் பகிர்ந்துகொள்ளுதலே முறை.

பணிவிடை செய்வான் தன் உடலையும் பேணல் வேண்டும். இல்வாழ்வான் ஓம்புதற்குரிய ஐவருள் தன்னையும் ஒருவனாக வள்ளுவர் வைத்தமை கருதத்தக்கது. சில நாழிகை உறங்குதலும், குழந்தைகளோடு அமர்ந்து உண்ணுதலும் தாய்தந்தையர்க்கு இழைக்கும் வஞ்சனையல்ல. தாங்குவான் விழின் தாங்கப்படுவாரும் உடன் விழுவர்.

நோயை நீக்க இயலாத நிலையிலும் நோவைத் தணிக்க இயலும் என்பதை இல்லத்தார் அறிந்திருத்தல் நன்று. புற்றுநோயின் வலிக்குப் படிப்படியாக மருந்து தரும் முறையை உலகச் சுகாதார நிறுவனம் 1986ஆம் ஆண்டில் வெளியிட்டது. கடும் வலிக்கு மார்ஃபீன் என்னும் அபினிச்சத்து அதிற் கூறப்பட்டது. 1985இன் போதைப்பொருட் சட்டத்தால் இந்தியாவில் அம்மருந்து கிடைத்தல் அரிதாயிற்று. 2014இல் அச்சட்டம் திருத்தப்பட்டு நெறி எளிதாக்கப்பட்டது. கோழிக்கோட்டில் 1993இல் தோன்றிய வலிதணிப்புச் சங்கத்தின் வழியே, இத்தகையோரை இல்லத்திற் சென்று பேணும் பணி கேரளத்திற் பரவியது.

அம்மருந்து அறிவை மயக்கி, இறுதிக்காலத்துச் சிவநினைவைக் கெடுக்குமே என அஞ்சுவாருளர். மருத்துவர் அளவறிந்து தருமிடத்து, தொடக்கத்தில் தோன்றும் தூக்கம் பெரும்பாலார்க்குச் சில நாட்களில் தணியும். அடங்காத வலியோ நினைவு முழுவதையும் தானே கவர்ந்துகொள்ளும். வலியால் அலறும் நாவிற்குத் திருவைந்தெழுத்து எட்டுமா? ஆதலின் வலியைத் தணித்தல் சிவநினைவிற்கு இடையூறன்று, வழிவிடுதலேயாம்.

உணவும் அவ்வாறே. நோய் முற்றியவழிப் பசி குன்றுதல் இயல்பு. அன்பின் மிகுதியால் வற்புறுத்தி ஊட்டுவது உடலைத் தேற்றாது, துன்பமே தரும். உலர்ந்த வாயை நனைத்தலும், படுக்கைப்புண் தோன்றாவண்ணம் உடலைத் திருப்பிக் கிடத்தலும் அக்காலத்துக்குரிய உபசாரங்கள். பயனற்ற சிகிச்சையை நோயாளரின் விருப்பறிந்து நிறுத்துதலும் கைவிடுதலாகாது. அவ்விருப்பத்தை அறிதற்கு, அவர் வினவும்போது உண்மையை மறையாது இன்சொல்லாற் கூறுதல் வேண்டும். எல்லோரும் அறிந்ததொன்றைத் தமக்கு மட்டும் மறைத்தமை உணரின், அவர் தம் இல்லத்திலேயே தனியராவர்.

இங்ஙனமெல்லாம் செய்தபின்னரும், இன்னுஞ் சிறிது செய்திருக்கலாமே என்னும் எண்ணம் மக்கள் நெஞ்சினின்று எளிதில் அகலாது. அவ்வெண்ணம் குற்றத்திற்குச் சான்றன்று, அன்பிற்கே சான்று. பெற்றோர் செய்ததற்கு ஈடு செய்து முடித்தல் எவர்க்கும் இயலாது. அங்ஙனம் முடிக்குமாறு அறநூல் கேட்பதுமில்லை. இயன்றதை ஒளியாது செய்து, இயலாததைச் சிவபெருமான் திருவடிக்கண் வைத்து அமைதலே மக்கள் கடனென்க.