குறையை மூடுவதா, கூடிப் பேசுவதா?

அரபு மொழியில் மனிதனுக்கு ‘இன்ஸான்’ என்று பெயர். அச்சொல்லை, மறதியைக் குறிக்கும் ‘நிஸ்யான்’ என்பதோடு உறவுபடுத்திப் பொருள் கூறிய மொழியறிஞர்கள் உண்டு. மறப்பதும் தவறுவதும் மனித இயல்பென்றால், தவறிய பின் அவன் செய்ய வேண்டுவது யாது? பிறர் குறையை மறைப்பது பண்பு என்றே நாம் வளர்க்கப்பட்டோம். ஆனால், அக்குறை ஓர் உயிரையே கொண்டு போயிருந்தால்? அப்போதும் மறைப்பது பண்பாகுமா?

இக்கேள்வியை மருத்துவ உலகில் உரக்கக் கேட்டவர், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் வாழ்ந்த அறுவை மருத்துவர் எர்னஸ்ட் காட்மன் (1869–1940). சிகிச்சை பெற்றுச் சென்ற ஒவ்வொருவரையும் பின்னர் விசாரித்தறிய வேண்டும். குணமாகவில்லையெனில் காரணத்தை ஆராய வேண்டும் என்பது அவர் கொள்கை. 1911 முதல் 1916 வரை தம் சிறிய மருத்துவமனையில் சிகிச்சை பெற்ற 337 பேரின் கணக்கையும், அங்கு நேர்ந்த 123 பிழைகளையும் தாமே அச்சிட்டு வெளியிட்டார். சக மருத்துவர்கள் அவரைப் போற்றவில்லை, ஒதுக்கினர். எனினும் காலம் அவர் பக்கம் சாய்ந்தது. மரணங்களையும் சிகிச்சையில் நேர்ந்த சிக்கல்களையும் கூடியமர்ந்து ஆராயும் கூட்டங்கள், இன்று பல நாட்டு மருத்துவமனைகளில் வாரந்தோறும் மாதந்தோறும் நடைபெறுகின்றன.

அக்கூட்டத்தில் ‘யார் செய்தார்?’ என்பது முதற்கேள்வியன்று, ‘எப்படி நேர்ந்தது?’ என்பதே முதற்கேள்வி. ஓர் எடுத்துக்காட்டு: செறிவான பொட்டாசியம் குளோரைடு மருந்தை நீர்க்காமல் நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். அக்குப்பியோ தூய நீர்க் குப்பியைப் போன்றே இருந்ததால் பல இடங்களில் உயிர்கள் போயின. மருந்தேற்றிய செவிலியை வேலையினின்று நீக்கினால் நமது கோபம் தணியும். குப்பியோ அதே அலமாரியில் அடுத்தவர் கைக்குக் காத்திருக்கும். காரணத்தை ஆராய்ந்தவர்களே அதனைப் பொது வார்டுகளிலிருந்து அகற்றச் செய்தனர்.

‘இது புறம் பேசுதல் ஆகாதா?’ என்று கேட்கலாம். ஆகாது. புறம் பேசுவோன் குறையுடையவன் இல்லாத இடத்தில் பேசுகிறான். இங்கே அவர் உடனிருந்து தாமே எடுத்துரைக்கிறார். புறம் பேசுவோனுக்குப் பெயரே சுவை. இங்கே பெயரால் பயனில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1952 முதல், பேறுகால மரணங்களைப் பெயர் வெளியிடாமல் ஆராய்ந்து படிப்பினைகளை மட்டும் அச்சிட்டனர். மனிதரின் மானம் மறைக்கப்பட்டது, பிழை வெளிப்பட்டது. நாம் கற்ற பண்பும் கெடவில்லை, உண்மையும் சாகவில்லை.

ஆயினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். மூடிய அறைக்குள் தமக்குள் மனம் திறந்தவர்கள், வெளியே காத்திருக்கும் தாயிடம் வாய் மூடினால் அது பாதி நேர்மையே. நடந்ததை அறியும் உரிமை முதலில் அவளுக்கன்றோ! வேண்டுமென்றே செய்த அலட்சியத்துக்கும் அக்கூட்டம் கேடயமாகிவிடக் கூடாது.

இது மருத்துவர்களுக்கு மட்டுமா? வகுப்பில் ஒரு மாணவன் தேறாதபோது, ‘அவன் மந்தன்’ என்று சொல்லி நகர்ந்துவிடும் ஆசிரியர்களாகிய நாம், நம் பிழைகளை ஆராய என்றேனும் கூடியதுண்டா? குறையைப் பேச ஒரு நாள் குறித்து வைத்திருப்பவர்களே, அதைத் திருத்தவும் நாள் காண்பர்.