பவளமும் பயனில் தீங்கும்



பவளம் என்றவுடன் நம் நினைவில் எழுவது நவமணிகளுள் ஒன்றாகிய செம்மணியே. ஆயினும் நம் ஆகமங்கள் அதனை வெறும் மணியென்று விட்டுவிடவில்லை. நிலத்தையே உடலாகக் கொண்ட ஓரறிவுயிர்களை, அதாவது பிருதிவி காயிக ஜீவன்களை வகுத்துரைக்குமிடத்து, மண், மணல், கல், உப்பு, இரும்பு ஆகியவற்றோடு பவளத்தையும் எண்ணின. ஐரோப்பிய அறிஞருட் பலர் 18ஆம் நூற்றாண்டிலும் அதனைக் கடற்செடி என்றே கருதினர். 1720களில் பெய்சோனல் என்னும் பிரெஞ்சு மருத்துவர் அது விலங்கினம் என்று உரைத்தபோது அக்கூற்று எளிதில் ஏற்கப்படவில்லை. பவளப்பூச்சிக்கு வாயும், அதனைச் சூழ்ந்த உணர்விழைகளும் உண்டென்றும், அது தீண்டுதலை உணரும் என்றும் இன்றைய உயிரியல் கூறுகிறது. அறிவின் எண்ணிக்கையில் வேறுபாடு இருப்பினும், அது உயிர் என்பதில் இருசாராரும் ஒன்றுபடுகின்றனர்.

இதனை இங்கு எடுத்துரைக்கக் காரணம் உண்டு. சென்னை போன்ற நகரங்களில் கடல்நீர்த் தொட்டி அமைத்து, அதில் உயிருள்ள பவளங்களை வளர்க்கும் ஆர்வம் சிலரிடம் காணப்படுகிறது. "நாம் அவற்றைக் கொல்வதில்லை, உண்பதும் இல்லை. இரையூட்டிப் பேணுகிறோம். இது ஜீவகாருண்யம் ஆகாதா?" என்று அடையாற்று இளைஞர் ஒருவர் வினவினார். நேர்மையான வினா இது. எனவே இதனைப் புறந்தள்ளாது ஆராய்வோம்.

அடையாறு கடலில் கலக்கும் நம் கரை மணற்கரை. ஆற்றுச் சேறு கலங்கும் இந்நீரில் பவளப் பாறைகள் இல்லை. ஆகவே இங்குள்ள வீட்டுத் தொட்டியில் ஒரு பவளம் இருக்குமாயின், அது தொலைவிலிருந்து கொணரப்பட்டதே. அதற்கு நீரின் வெப்பம் ஏறத்தாழ 25 பாகை செல்சியசில் நிலைத்திருக்க வேண்டும். ஆயிரம் பங்கு நீரில் உப்பு 35 பங்கு அளவில் இருக்க வேண்டும். சுண்ணச்சத்து குறைதலும் ஆகாது, கழிவுச்சத்து மிகுதலும் ஆகாது. பவளத்தின் உடலுக்குள் வாழும் நுண்பாசியே ஒளியைக் கொண்டு அதன் உணவின் பெரும்பகுதியை ஆக்கித் தருகிறது. கோடையின் உச்ச வெப்பத்திற்கு மேல் ஓரிரு பாகை கூடி அது வாரக்கணக்கில் நீடித்தாலே கடலிலுள்ள பவளம் அப்பாசியை இழந்து வெளிறுகிறது. மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இவ்வாறு நேர்ந்தது. பரந்த கடலிலேயே இந்நிலை எனில், சித்திரை வெயிலில் ஒரு கண்ணாடிப் பெட்டியின் நிலை என்னாகும்? குளிரூட்டும் கருவியும், நீரோட்டம் எழுப்பும் விசையும் இடையறாது இயங்க வேண்டும். 2015 டிசம்பர் பெருவெள்ளத்திலும், 2016 டிசம்பர் 12ஆம் நாள் வீசிய வர்தா புயலிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் நம் நகரின் பல பகுதிகள் நாள்கணக்கில் மின்சாரமின்றி இருந்ததை நாம் அறிவோம். மனிதர் மெழுகுவத்தி ஏற்றிப் பொறுத்திருக்கலாம். தொட்டியில் அடைபட்ட உயிர் எங்குச் செல்லும்?

தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் கொல்லாமை விரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறது. கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகைப்பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் என்பன அவை. கொலை அவற்றுள் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கொல்லாதிருந்தும் விரதம் மாசுறும் வழிகளே அங்குச் சொல்லப்பட்டன. தொட்டியில் அடைத்தல் கட்டிவைத்தலாகும். வளர்ந்த பவளத்தை அறுத்துத் துண்டுகளாக விற்றல் உறுப்பறுத்தலாகும். கருவி நின்றபோது ஒளியும் உயிர்க்காற்றும் இன்றி வாடவிடுதல் உணவு தடுத்தலாகும். அன்றியும், ஆர்ட்டீமியா என்னும் நுண்ணிய இறால்களைப் பொரிக்கச் செய்து உயிரோடு இரையாக இடும் வழக்கமும் உண்டு. கடலில் பவளம் தன் இரையைத் தானே கொள்கிறது. அதில் நம் கை இல்லை. இங்கோ ஓருயிரைப் பேணப் பல்லாயிரம் உயிர்களை நாமே வருவித்து மாய்க்கிறோம்.

கள்ளாமை விரதத்தின் அதிசாரங்களுள்ளும் இரண்டு இங்குப் பொருந்துகின்றன. திருடி வந்த பொருளை ஏற்றல் ஒன்று. நாட்டின் நெறிக்கு மாறாக ஒழுகுதல் மற்றொன்று. பாறையமைக்கும் பவளங்கள் அனைத்தும் 2001ஆம் ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. நம் கடலிலிருந்து அவற்றைப் பெயர்த்தலும் விற்றலும் குற்றமாகும். மன்னார் வளைகுடாவில் 1986ஆம் ஆண்டு 21 தீவுகளைக் கொண்டு கடல்சார் தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. அப்பகுதியில் சுண்ணாம்புக்காகப் பன்னெடுங்காலம் பவளம் வெட்டப்பட்டது. காவலிழந்த தீவுகளுள் இரண்டு நீரில் அமிழ்ந்தன.

இல்லறத்தார்க்குச் சமையலிலும் தொழிலிலும் தற்காப்பிலும் நேரும் தீங்கு முற்றும் விலக்கற்கு அரிது என்பதை ஆசாரியர்கள் அறிந்திருந்தனர். ஆதலின் அநர்த்த தண்ட விரதம், அதாவது பயனில் தீங்கை விலக்குதல், தனியே வகுக்கப்பட்டது. பவளத் தொட்டி பசியைத் தீர்ப்பதன்று, பிழைப்புக்கு உரியதன்று, இல்லத்தைக் காப்பதுமன்று. கண்ணின் களிப்பு ஒன்றே அதன் பயன்.

அங்ஙனமாயின் பவளத்தைத் தீண்டுவோர் யாவரும் தீங்கிழைப்பவரோ? அன்று. தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனத்தினர் பவளத் துண்டுகளை எடுத்து, சிதைந்த பாறைப் பகுதிகளில், கடலினுள்ளேயே நட்டு மீட்கும் பணியைச் செய்துவந்துள்ளனர். அவர்தம் கையிலும் துண்டு உண்டு. ஆனால் அது கடலுக்கே திரும்புகிறது. நம் தொட்டியிலுள்ள துண்டோ நம்மிடமே தங்கிவிடுகிறது. அருளையும் பற்றையும் வேறுபடுத்தி அறிய இதனினும் தெளிவான அளவுகோல் வேண்டுவதில்லை. மிகுபொருள் விரும்பாமை என்னும் விரதமும் இதனையே உணர்த்துகிறது.

ஆகவே வினவிய இளைஞர்க்கும் அவரொத்தார்க்கும் நாம் கூறுவது இது: புதிதாக வாங்குதலை விடுக. முன்னரே வைத்திருப்போர் அதனை எலியட்ஸ் கடற்கரையில் கொண்டுபோய் விட்டுவிடுதல் கூடாது. அது பவளத்திற்கும் சாவு. தொட்டியின் அயல் உயிர்களாலும் நோய்களாலும் கடலுக்கும் கேடு. வனத்துறையின் வனவுயிர்க் காப்பாளரை அணுகி அவர் கூறும் வழி நிற்றலே தக்கது. இரையூட்டி மகிழ்ந்த அன்பு வீணாக வேண்டியதில்லை. தொலைவில் உள்ள உயிரை உடைமையாக்காமல், அது தன் இடத்தில் வாழட்டும் என்று நினைக்குமளவு அவ்வன்பு வளர்வதாக.

திருவறம் வளர்க!