வெளியே தள்ளும் சூடு

2025-இல் தொடங்கி இந்தியாவில் புதிதாகத் தயாராகும் லாரிகளில், மொத்த எடை 3.5 டன்னைத் தாண்டும் எல்லாவற்றிலும் டிரைவர் கேபினுக்கு ஏசி இருந்தாக வேண்டும். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2023 டிசம்பரில் அறிவித்த விதி இது. நல்ல விதி, ரொம்பத் தாமதமாக வந்த விதி. ஆனால் வேலூர், பள்ளிகொண்டா, ஆம்பூர், வாணியம்பாடி என்று போகும் தேசிய நெடுஞ்சாலை 48-இல் நின்று பார்த்தால் ஒரு கேள்வி வரும். இந்த விதி வண்டி பிறந்த தேதியைத்தான் கேட்கிறது. உள்ளே உட்கார்ந்திருப்பவர் யார் என்று கேட்கவில்லை. 2012 மாடல் வண்டியை ஓட்டுகிறவருக்கும் அதே கத்திரி வெயில்தானே?

மேற்கத்திய நாடுகளில் மோட்டார் ஹோம் என்று ஒரு வண்டி உண்டு. படுக்கை, அடுப்பு, ஏசி எல்லாம் வைத்த வீட்டை ஓட்டிக்கொண்டு ஊர் சுற்றுவார்கள். பழைய மோட்டார் ஹோமில் ஏசியை எப்படி மேம்படுத்துவது என்று பக்கம் பக்கமாக எழுதுவார்கள். நம்மிடம் சக்கரம் வைத்த வீடு என்றால் அது லாரிதான். சாமி படம், எலுமிச்சை மிளகாய், சீட்டுக்குப் பின்னால் ஒரு பலகைப் படுக்கை, சின்ன ஸ்டவ், தண்ணீர் கேன். மாதத்தில் பாதி நாளுக்கு மேல் அதில்தான் வாழ்க்கை. வித்தியாசம் என்னவென்றால், அங்கே வீட்டுக்காரரே வண்டிக்காரர். இங்கே வீட்டில் இருப்பவர் ஒருத்தர், வண்டிக்குச் சொந்தக்காரர் வேறொருத்தர். குளிர்ச்சி பற்றிய தர்க்கமெல்லாம் இந்த இடைவெளிக்குள்தான் நடக்கிறது.

பழைய லாரிக்கு ஏசி போட முடியாதா என்றால், முடியும். என்ஜின் பெல்ட்டில் கம்ப்ரஸரை மாட்டி, முன்பக்கம் கண்டன்சரை வைத்துக் கொடுக்கும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். ஆனால் ஏசியை மட்டும் மாட்டினால் பிரயோஜனம் குறைவு. பழைய கேபின் ஒரு தகரப் பெட்டி. என்ஜினின் ஒரு பகுதி கேபினுக்குள்ளேயே திமில் மாதிரி நிற்கும். வெயில் மேலிருந்து என்றால் இது கீழிருந்து. பெடல் ஓட்டை, கியர் ராடு ஓட்டை, சரியாக மூடாத கதவு ரப்பர் எல்லாவற்றின் வழியாகவும் அனல் வரும். நண்பகல் வெயில் ஒரு சதுர மீட்டர் கூரைமீது ஏறக்குறைய 1,000 வாட் வரை கொட்டுகிறது. கொஞ்சம் பெரிய கேபின் என்றால், இரண்டு மூன்று ஹீட்டரைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு ஓட்டுகிற கதைதான். அதனால் விஷயம் தெரிந்தவர்கள் முதலில் என்ஜின் மூடிக்குத் தடிமனான மேட் போடுவார்கள், கூரைக்கு உள்பக்கம் தெர்மாகோல் வைத்து ரெக்சின் அடிப்பார்கள், ஓட்டைகளை அடைப்பார்கள், மேலே வெள்ளை பெயின்ட் அடிப்பார்கள். அதற்கப்புறம்தான் ஏசி.

இவ்வளவு செய்தாலும் ஒரு சிக்கல் மிச்சம். "ஏசி போட்டா மைலேஜ் அடி வாங்கும்ணே." கம்ப்ரஸர் ஓடினால் டீசல் கூடுதலாகச் செலவாகும், அது உண்மை. ட்ரிப் முடிந்து கணக்குப் பார்க்கும்போது மைலேஜ் குறைந்தால் கேள்வி டிரைவரிடம்தான் வரும். ஆகவே ஏசி இருக்கும், சுவிட்ச் இருக்கும், கை போகாது. விதி இயந்திரத்தைப் பொருத்தச் சொல்கிறது. அதை ஓட்டும் டீசல் யார் கணக்கில் என்று சொல்லவில்லை. எனக்கு இதுதான் விஷயத்தின் மையம் என்று படுகிறது. அனுபவித்தால் தண்டனை உண்டு என்கிற வசதியை உரிமை என்று எப்படிச் சொல்வது?

ஏசி ஏன் வேண்டும் என்பதற்குப் பெரும்பாலும் சொல்லப்படும் காரணம் பாதுகாப்பு. சூட்டில் டிரைவர் களைத்துப்போவார், கண் அசந்தால் விபத்து நடக்கும், ஆகவே ஏசி. உண்மைதான், ஆனாலும் இந்த வாதம் எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. இதில் குளிர்ச்சி டிரைவருக்காக அல்ல. சரக்குக்காக, எதிரில் வரும் காருக்காக. நாளைக்கு டிரைவரின் களைப்பைக் கண்டுபிடித்து மணி அடிக்கிற கேமரா மலிவாகக் கிடைத்தால், ஏசிக்கான காரணம் போய்விடுமா? இயந்திரக் குளிர்ச்சியின் வரலாறே இப்படித்தான் தொடங்குகிறது. 1902-இல் வில்லிஸ் கேரியர் புரூக்ளினில் வடிவமைத்த அமைப்பு மனிதர்களுக்கானது அல்ல, ஓர் அச்சகத்தின் காகிதத்துக்கானது. ஈரப்பதத்தில் காகிதம் சுருங்கி விரிந்து வண்ணங்கள் ஒன்றன்மீது ஒன்று சரியாகப் பதியவில்லை. நம் சாலையிலும் பாருங்கள், மருந்துக்கும் ஐஸ்கிரீமுக்கும் பின்னால் குளிர்பெட்டி, முன்னால் டிரைவர் தோளில் ஈரத்துண்டு. ஐஸ்கிரீம் உருகினால் நஷ்டம் யாருக்கு என்று பில்லில் தெரியும். மனுஷன் உருகினால் பில் கிடையாது.

குளிர் கொடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்தத் தோல் வட்டாரத்திலேயே இன்னொரு பாடம் இருக்கிறது. உரித்த பச்சைத்தோல் நம் வெயிலில் சில மணி நேரத்தில் அழுக ஆரம்பித்துவிடும். குளிரூட்டி வைத்தால் சில நாள் தாங்கும், செலவு அதிகம். மலிவான வழி உப்பு. தோல் எடையில் ஏறக்குறைய 40 சதவீதம் உப்பைத் தேய்த்து லாரியில் ஏற்றுவார்கள். தொழிற்சாலையில் முதல் வேலை அந்த உப்பைக் கழுவுவது. கழுவின தண்ணீர் பல பத்தாண்டுகள் பாலாற்றுப் பக்கம் போனது, நிலத்தடியில் இறங்கியது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு, ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பாழானதைக் குறிப்பிடுகிறது. கெடுத்தவரே விலை கொடுக்க வேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உறுதியாக அறிவித்ததும் அந்தத் தீர்ப்புதான். தோல்கழிவுக்கு உப்பு மட்டும் காரணமில்லை, குரோமியம் உண்டு, இன்னும் பல உண்டு. ஆனால் உப்பின் கதை எனக்கு முக்கியம். தோலுக்குக் குளிர் கொடுக்காமல் மிச்சம் பிடித்த காசு எங்கோ ஒரு கிணற்றில் உப்பாக ஊறியது. வடிகட்டினாலும் உப்பு அழியாது, வேறு இடத்தில் மூட்டையாக நிற்கும்.

சூடும் அதே மாதிரிதான். ஏசி குளிரைத் தயாரிப்பதில்லை. உள்ளே இருக்கிற சூட்டை எடுத்து வெளியே தள்ளுகிறது. அதற்குச் செலவான ஆற்றலும் சூடாகத்தான் முடியும். ஆகவே வெளியே போவது, உள்ளிருந்து எடுத்ததைவிட எப்போதும் அதிகம். அந்த வெளியில் யார் இருக்கிறார்கள்? வண்டிக்கு அடியில் பாய் விரித்துத் தூங்கும் கிளீனர். ஓரத்தில் இளநீர் சீவும் அக்கா. பக்கத்தில் நிற்கும் ஏசி இல்லாத பழைய லாரி. 1996 தீர்ப்பின் கொள்கையை அப்படியே நீட்டினால், கேபினில் ஏசி போட்ட டிரைவரும் விலை கொடுக்க வேண்டியவர்தானே என்று ஒருவர் கேட்கலாம். கேட்டுத்தான் பார்க்க வேண்டும். என் பதில், அவருடைய முறை இன்னும் வரவில்லை என்பது. 18 டிகிரியில் வைத்துப் போர்வை போர்த்திக்கொள்ளும் படுக்கையறைகள் வரிசையில் அவருக்கு வெகு முன்னால் நிற்கின்றன. தாகத்துக்குக் குடிக்கிற தண்ணீரையும் கார் கழுவுகிற தண்ணீரையும் யாரும் ஒரே கணக்கில் எழுதுவதில்லையே.

ஆனாலும் அந்தக் கேள்வி ஒரு நல்ல காரியம் செய்கிறது. சூட்டைத் தள்ளுவதற்கும் சூட்டை உள்ளே விடாமலிருப்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டுகிறது. கூரைக்குத் தெர்மாகோல் அடித்தால் யார் தலையிலும் அனல் விழாது. நிழலும் அப்படித்தான். நெடுஞ்சாலைகளின் இரு பக்கமும் இருந்த புளியமரங்கள் இந்த வேலையை டீசல் இல்லாமல் செய்துகொண்டிருந்தன. சாலை அகலமாக அகலமாக அவை போயின. மரமில்லாத மலை என்று வேலூரைக் கேலி செய்வார்கள். இப்போது சாலையும் சேர்ந்துகொண்டது. வண்டி நிற்கும் இடமெல்லாம் மொட்டைத் தார்.

பகலாவது வண்டி ஓடும்போது காற்று வரும். கஷ்டம் தூங்கும் நேரத்தில்தான். 2025 வரை நடைமுறையில் இருந்த 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் பொதுவாக நாளுக்கு 8 மணி நேரம்தான் வேலை என்றது, ஓய்வறை பற்றியும் பேசியது. 2024-இல் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் டிரைவருக்குக் குளிர்ச்சியான தூக்கம் சட்டப்படியே வந்திருக்க வேண்டும். நடைமுறையில், நின்ற வண்டியில் ஏசி ஓட என்ஜினை ஓடவிட வேண்டும். டீசலும் போகும், கேபினில் புகை புகுந்தால் உயிருக்கும் ஆபத்து. பேட்டரியில் ஓடும் பார்க்கிங் ஏசி வந்திருக்கிறது. பழைய பேட்டரியில் அதை விடிய விடிய ஓட்டினால் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாது, தள்ள ஆள் தேட வேண்டும்.

மோட்டார் ஹோம்காரர்கள் இதை எளிதாகத் தீர்த்துவிட்டார்கள். முகாம் இடத்தில் ஒரு கம்பம், அதில் ஒரு பிளக், இரவு வாடகையில் மின்சாரமும் அடக்கம். டோல்கேட் பக்கத்தில் ஒரு கொட்டகை, நாலு வேப்பமரம், வரிசையாகப் பிளக் பாயின்ட் என்றால் பெரிய தொழில்நுட்பம் எதுவும் வேண்டாம். அந்த மீட்டரில் ஏறும் யூனிட்டை யார் பெயரில் எழுதுவது என்பதுதான் பாக்கி. டிரைவர் பேட்டாவிலா, ஓனர் கணக்கிலா, ஷூ அனுப்புகிற கம்பெனியின் சரக்குக் கட்டணத்திலா, அந்த ஷூவைப் போட்டுக்கொண்டு நடக்கிற நம்முடைய பில்லிலா?