கதவைக் கும்பிடுகிறவர்கள்

வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு வாடகை வண்டி ஓட்டுகிறேன். வத்தலக்குண்டில் ஏற்றினால் லோயர் கேம்ப் வரைக்கும் வழியெல்லாம் கோயில். வீரபாண்டி கௌமாரியம்மன், குச்சனூர் சனீஸ்வரர், சின்னமனூர் பூலாநந்தீஸ்வரர் என்று ஒரே நாளில் அத்தனையும் பார்த்துவிட வேண்டும் என்பார்கள். பார்க்கலாம். நடுவே சுருளியில் குளிக்கக்கூட நேரம் கிடைக்கும். சிக்கல் முதல் நிறுத்தத்திலேயே வந்துவிடும்.

காட்ரோடு தாண்டினால் தேவதானப்பட்டி. மஞ்சளாற்றங்கரையில் மூங்கிலணை காமாட்சியம்மன். அங்கே கருவறைக் கதவு திறப்பதில்லை, பூசை கதவுக்குத்தான். தேங்காயை உடைக்காமல், பழத்தை உரிக்காமல் படைப்பார்கள். "சாமியை எப்பங்க பார்க்கிறது?" என்று கேட்காத வெளியூர்க்காரர் குறைவு. ஒரு பெரியவர், "இதுக்கா இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்த?" என்றே கேட்டுவிட்டார்.

நியாயமான கேள்விதான். கண்ணில் படாதவளிடம் என்னவென்று வேண்டுவது? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். மற்ற கோயில்களில் நாம் பார்ப்பதில் பாதி அலங்காரம்: என்ன பட்டு, எத்தனை மாலை, முன்வரிசையில் யார். இங்கே எவ்வளவு பெரிய ஆள் வந்தாலும் கதவுதான். தீபாராதனை காட்டுகிறவரும் கதவைப் பார்த்துத்தான் காட்டுகிறார். பார்க்க ஒன்றுமில்லை என்றானதும் பேச்சு வருகிறது. ஒரு பாட்டி பேரன் பிறந்ததில் ஆரம்பித்து மருமகளோடு இருந்த மனத்தாங்கல் வரை அந்தக் கதவிடம் விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எதிரே சிலை இருந்திருந்தால் கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்திருப்பார்.

"மூடி வச்சா மவுசு, அவ்வளவுதான்" என்றான் ஒரு காலேஜ் பையன். அவனை உத்தமபாளையத்துப் பாறைக்குக் கூட்டிப்போனேன். அதில் செதுக்கிய சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்களும் வட்டெழுத்தும் 1,000 ஆண்டுகளுக்கு மேலாக வெயிலிலும் மழையிலும் இருக்கின்றன. பார்சுவநாதரின் தலைக்கு மேல் விரிந்த பாம்புப் படம் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. நாங்கள் போனபோது ஒரு விளக்குகூட இல்லை. "நான் சொன்னதுதானே?" என்றான். இல்லை தம்பி. அங்கே கூட்டம் குறைந்தது கதவு இல்லாததால் அல்ல. அவரிடம் குறை சொல்லி அழுத சனங்கள் இந்த ஊரில் இல்லாமல் போனார்கள், அதனால்தான். பையன் தலையாட்டினான், ஒத்துக்கொண்டானா என்று தெரியாது.

அதற்காக அடைத்த வழிக்கெல்லாம் நான் வக்காலத்து வாங்க மாட்டேன். கூடலூருக்கு மேலே, மலையில் மங்கலதேவி கண்ணகி கோயில். வருஷத்தில் சித்ரா பௌர்ணமி அன்று மட்டும்தான் விடுகிறார்கள். அது கண்ணகி போட்ட கட்டுப்பாடு அல்ல; புலிகள் காப்பகமும் இரண்டு மாநிலங்களின் எல்லைத் தகராறும் போட்டது. அங்கே போய்த் தத்துவம் பேச எனக்கு மனம் வராது, கோபம்தான் வரும். குமுளியிலிருந்து ஜீப் உண்டு. காலில் தெம்பு இருப்பவர்கள் பளியன்குடி வழியாக ஏறிவிடுங்கள். ஜீப்புக்கு நிற்கிற வரிசையைவிட மலை தேவலை.