சிறு கையும் கூலியும்

சீடன்: சுவாமி, சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் கிராமங்களில் ஒரு காலத்தில் விடியுமுன்னே ஆலை வண்டி வந்து தூக்கம் கலையாத குழந்தைகளை ஏற்றிச் சென்றதையும், அவர்கள் பகல் முழுவதும் தீக்குச்சிகளைக் கட்டையில் அடுக்கி, அடுக்கிய கட்டைக்கு இவ்வளவு என்று கூலி பெற்றதையும் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். கொடுமைதான், ஆயினும் மழை பொய்த்த பூமியில் அந்தக் கூலியும் இல்லையென்றால் அடுப்பு எரிந்திராதே! அதை விலக்குவது நியாயமாகுமா?

குரு: அடுப்பு எரிந்தது மெய்யே. ஆனால் பெரியவர்களின் உழைப்பால் மட்டும் அது ஏன் எரியவில்லை என்று விசாரித்தாயா? குறைந்த கூலிக்குக் கட்டை அடுக்கப் பத்து வயதுப் பெண் கிடைக்கும்போது, அதே வேலைக்கு அவளுடைய தாய்க்கு நியாயமான கூலி கொடுக்க எந்த முதலாளி முன்வருவான்? மகளே தாய்க்குப் போட்டியாகிறாள். தாயின் கூலி சரிகிறது. வீட்டில் வறுமை முற்றுகிறது. அவ்வறுமையையே சாக்காகக் காட்டி அடுத்த வருஷம் தங்கையையும் வண்டியில் ஏற்றுகிறார்கள். வறுமையை நீ காரணம் என்கிறாய். நான் அதைப் பாதி காரியம் என்கிறேன்.

சீடன்: சில குழந்தைகள் மனமுவந்தே சென்றார்களாம், கூலியைத் தாயின் கையில் கொடுக்கையில் பெருமிதம் கொண்டார்களாம்.

குரு: அந்தப் பெருமிதம் பரிசுத்தமானது, அதனாலேயே அதை மலிவாக வாங்கிக்கொள்வதைப் பாபம் என்கிறேன். மறுக்கும் சக்தி இல்லாதவரிடம் பெறுவது சம்மதமாகாது. தகப்பன் முன்பணம் வாங்கிக்கொண்டு பிள்ளையின் உழைப்பை அடகு வைக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று வெள்ளையர் அரசாங்கமே 1933-ல் சட்டம் செய்ததே!

சீடன்: அப்படியானால் தகப்பனோடு தறியில் அமரும் நெசவாளர் மகனையும் விலக்க வேண்டுமா?

குரு: வேண்டாம், அப்பா. இன்று இழை முடியவும் நாளை பாவு பிடிக்கவும் கற்கும் பிள்ளை வளர்கிறான். கட்டை அடுக்குபவளோ முதல் நாள் செய்ததையே ஐந்தாம் வருஷமும் செய்கிறாள். ஆனால் ஓர் எச்சரிக்கை. பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று குழந்தைத் தொழிலாளர் சட்டத்துக்கு 2016-ம் வருஷத்தில் வந்த திருத்தம் ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. எண்ணிக்கைக் கூலிக்குப் பெட்டி ஒட்டும் வேலை வீடு தேடி வருமானால், அவ்வீடு குடும்பத் தொழிலின் பெயரைத் தாங்கிய ஆலைக்கூடமே.

சீடன்: விலக்கியபின் அந்த வீட்டின் பசிக்கு யார் பொறுப்பு?

குரு: அதைக் கேளாமல் விலக்குவோர் தர்மத்தில் பாதியையே செய்கிறார்கள். அதே கரிசல் நாட்டு எட்டயபுரத்தில் 1956-ல் காமராஜர் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவைத் தொடங்கி வைத்தது, பசியும் படிப்பும் தனித்தனிப் பிரச்சினைகள் அல்ல என்பதை உணர்ந்ததனால்தான். சிவகாசிப் பிள்ளைகளின் வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம், பிள்ளைக்கு 20,000 ரூபாய் வீதம் முதலாளி செலுத்த வேண்டும், பிள்ளை விலகிய வீட்டில் பெரியவர் ஒருவருக்கு அரசு வேலை தேடித் தரவேண்டும், இயலாவிடில் அரசு 5,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்றது. தொகை சிறிதுதான். ஆயினும் பிள்ளை எழுந்த இடத்தில் தாயை நியாயமான கூலியோடு அமர்த்து என்ற அந்த வழியைத்தான் நானும் வேண்டுகிறேன்.

சீடன்: தாய்க்கு அந்த வேலை கிடைக்கும்வரை?

குரு: அதுவரை அவ்வீட்டுக்கு அரிசி கொடுக்கும் கடமை அரசுக்கும் ஊருக்கும் உண்டு, பிள்ளைக்கு இல்லை.