மலையைக் காணும் உரிமை

மலை நடப்போர் இரு வகையினர். சிகரத்தில் கால் பதிப்பதே பயன் என்போர் ஒரு சாரார். பாறைவழியே சுற்றி வந்து, புறப்பட்ட இடத்திற்கே திரும்புவோர் மறுசாரார். பின்னவர் புதிய இடம் எதையும் அடைவதில்லை. ஒரு திருப்பத்தில் மறைந்த ஆறு மறுதிருப்பத்தில் வேறொரு கோலத்தில் தோன்றக் கண்டு மீள்கின்றனர், அவ்வளவே. இக்காட்சிக்காக ஒரு மலையை மிதிக்க நமக்கு உரிமை உண்டா?

பொதிகையில் இக்கேள்வி அழகுணர்ச்சியோடு முடிந்துவிடுவதில்லை. இருபருவ மழையையும் ஏற்கும் அம்மலையில் பிறக்கும் தாமிரபரணி, பாணதீர்த்தமாய் வீழ்ந்து, காரையாற்று அணையில் தேங்கி, பாபநாசத்தில் சமவெளி கண்டு, எட்டு அணைக்கட்டுகளால் வயல்களுக்குப் பகிரப்பட்டு, புன்னைக்காயலருகே கடலை அடைகிறது. மேலே ஒருவர் வீசும் நெகிழிப்பையும் உடைக்கும் கண்ணாடிப் புட்டியும், அவர் முகமே அறியாத ஆயிரமாயிரம் பேர் பருகும் நீருக்குச் செய்யும் தீங்காகும்.

அவ்வாறாயின் மலையை முற்றாக அடைத்துவிடுவதே நன்றன்றோ எனச் சிலர் கேட்பர். அக்கேள்வியில் நியாயம் உண்டு. களக்காடும் முண்டந்துறையும் இணைந்து 1988இல் புலிகள் காப்பகம் ஆயின. அங்கு விலங்குகளுக்கு நம் ஓசையே இடையூறு. 2018 மார்ச்சில் தேனி மாவட்டக் குரங்கணியில் பரவிய காட்டுத்தீ, மலையேறச் சென்ற பலரின் உயிரைக் குடித்ததையும் நாம் மறக்கவியலாது. ஆயினும் அதே காட்டில் காணி மக்கள் தலைமுறைகளாக வாழ்கின்றனர். அவர்களுக்குப் பாதை பிழைப்பு. நமக்கு அது பொழுதுபோக்கு. இவ்விரண்டையும் ஒரே தராசில் நிறுத்தல் முறையன்று.

ஊற்றைக் கண்டறியாதவர், அதைக் காக்கும் கவலையும் கொள்வது அரிது. ஆனால், கண்டதையெல்லாம் தமதெனக் கருதுவோரும் காக்கமாட்டார். எனவே காணும் உரிமை ஓர் அமானிதம். உடையவரிடம் குறைவின்றி ஒப்படைக்க வேண்டிய பொருள். 2024இல் தமிழக அரசு நாற்பது மலைப்பாதைகளை வழிகாட்டிகளுடன் செல்லுமாறு ஒழுங்குபடுத்தியது. எண்ணிக்கைக்கும் நேரத்திற்கும் வரம்பு வைத்தல் இவ்வமானிதத்தைப் பேணும் வழியே. வரம்பைத் தடையெனச் சினப்பவர் மலையை நேசிப்பவரல்லர்.

சுற்றுப்பாதை நமக்குக் கற்பிப்பதும் இதுவே. சென்ற சுவடு மலையில் எஞ்சலாகாது; நம்மில் எஞ்ச வேண்டும். மலையிறங்கி வீடு சேர்ந்தபின், குழாயைத் திருகுகையில் நம் கை சற்றே தயங்குமாயின், அந்நடை வீணாகவில்லை எனலாம்.